வீட்டிற்குள் பெய்யும் மழை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில், சுவரில் ஏறும் ஓதத்தைப் பற்றியும் அலமாரியில் படரும் பூஞ்சணத்தைப் பற்றியும் பேச முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் நம் காலனியில் இருவர் சந்திக்கும்போது எழும் முதற் பேச்சு எது? “உங்கள் வீட்டுச் சுவர் எப்படி இருக்கிறது?” என்பதன்றோ! குழந்தையின் இருமலும், காரை உதிர்ந்த கூரையும், மேல்வீட்டாரோடு நேர்ந்த மனக்கசப்பும் அப்பேச்சைப் பின்தொடர்கின்றன. ஆகவே இப்பொருள் மனையறத்தைச் சார்ந்தது. இச்சங்கத்தில் பேசத் தகுந்ததே.

முதலில் நாம் வந்து குடியேறிய ஊரின் இயல்பை அறிதல் வேண்டும். பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். ஆண்டுதோறும் கிட்டத்தட்ட 1000 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதம் தொடங்கிவைக்கும் மழையை வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் வரை நீட்டித்துவிடுகிறது. செப்டம்பரும் அக்டோபரும் மிகுமழைத் திங்கள்கள். மழை ஓய்ந்து சுவர் உலரும் முன்னரே மார்கழிக் குளிர் வந்துவிடும். 1884ஆம் ஆண்டு ஜனவரியில் இந்நகரின் வெப்பநிலை 7.8 பாகைக்குத் தாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது.

நம்முள் பெரும்பாலோர் சேலம், வேலூர், தஞ்சை, நெல்லை போன்ற வெயில் மிகுந்த சீமைகளிலிருந்து வந்த குடும்பத்தினர். 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953இல் எச்.எம்.டி.யும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்சும் தோன்றியபின் வேலை தேடி வந்தோர் பலர். அதற்கு முன்னரே தண்டுப் பகுதியில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தோரும் உளர். அங்கே, ஊரில், வீட்டின் நடுவே முற்றம் இருந்தது. கதவுகள் நாள் முழுதும் திறந்தே கிடந்தன. ஈரத் துணி அரை மணியில் உலர்ந்தது. ஈரத்தை வெளியேற்றும் வேலையை வெயிலும் காற்றுமே செய்துவந்தன. இங்கோ குளிருக்கும் கொசுவுக்கும் அஞ்சிச் சாளரங்களை இறுகச் சாத்துகிறோம். வெயில் செய்த வேலையை இனி யார் செய்வது? இக்கேள்விக்கு விடை காண்பதே இன்றைய சொற்பொழிவின் நோக்கம்.

குளிர்ந்த மோர் நிறைந்த செம்பை வெளியே வைத்தால் அதன் புறத்தே முத்து முத்தாக நீர் அரும்புகிறது. செம்பு ஒழுகவில்லை, காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவியே குளிர்ந்த செம்பைத் தொட்டதும் நீராகிறது. சூடான காற்று மிகுந்த ஆவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு தாங்க இயலாது. ஒரு கன மீட்டர்க் காற்று 25 பாகை வெப்பத்தில் 23 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். அதே காற்று 15 பாகைக்குக் குளிர்ந்தால் 13 கிராமைக்கூட முழுதாகத் தாங்காது. எஞ்சியது எங்கே போகும்? வீட்டில் மிகவும் குளிர்ந்த இடம் எதுவோ, அங்கே நீராய் இறங்கும். அது வெளிச்சுவராக இருக்கலாம். சாளரக் கண்ணாடியாக இருக்கலாம். தகரக் கூரையாகவும் இருக்கலாம். வீட்டிற்குள் பெய்யும் மழை என்று நாம் தலைப்பிட்டது இதனைத்தான்.

இவ்வளவு நீர் வீட்டிற்குள் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். நால்வர் ஓர் அறையில் எட்டு மணி நேரம் உறங்கினால், மூச்சாலும் வியர்வையாலும் மட்டும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் காற்றில் கலக்கிறது. சோறு வடித்தல், இட்டலி வேகவைத்தல், வெந்நீர்க் குளியல், கூடத்தில் கயிறு கட்டித் துணி உலர்த்துதல் ஆகியவற்றையும் கூட்டினால், ஒரு குடும்பம் நாளொன்றுக்குப் பத்து லிட்டர் அளவுக்குக்கூட நீரை ஆவியாக்குகிறது. இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. அடுப்பில் எரியும் சமையல் வாயுவே நீரைப் பிறப்பிக்கிறது! ஒரு கிலோ வாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகும். 14.2 கிலோ கொண்ட ஒரு சிலிண்டர் தீரும்போது, ஏறக்குறைய 22 லிட்டர் நீர், அதாவது ஒரு பெரிய குடம் நிறைந்து வழியும் நீர், நம் சமையலறைக் காற்றில் கலந்துவிட்டது என்பது பொருள். இஃது இரசாயன நியதி. எந்த அடுப்பும் இதற்கு விலக்கன்று.

வீட்டிற்குள் ஈரம் புகும் வழிகள் மூன்று. மேலிருந்து மழையாக இறங்குவது ஒன்று. கீழிருந்து மண்ணின் ஈரமாக ஏறுவது இரண்டு. உள்ளேயே பிறந்து வெளியேற வழியின்றித் தங்குவது மூன்று. முதலிரண்டையும் யாவரும் அறிவர். மூன்றாவதைப் பலர் அறியாமல், மழையின்மேலும் கொத்தனாரின்மேலும் பழி சுமத்துகின்றனர்.

மேலிருந்து வருவதைச் சுருங்கச் சொல்வோம். பழைய வீடுகளின் கூரை ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் அமைப்பு. மர உத்தரங்களின்மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து இறுக்கினர். இன்று இருப்பது கான்கிரீட் தளம். மொட்டைமாடியில் நீர் தேங்காமல் ஓட, நூறடி நீளத்திற்கு ஓரடியேனும் சாய்வு வேண்டும். வடிகுழாயின் வாயை ஒரு பிடி வேப்பிலைச் சருகு அடைத்துவிட்டாலும் போதும், மாடி குளமாகிவிடும். தேங்கிய நீர் நுண்ணிய வெடிப்பு வழியே கம்பியை எட்டினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்கிற்கும் மேல் இடம் கேட்கும். அந்த அழுத்தத்தாலேயே கூரையின் அடிப்புறம் பிளந்து, காரையும் கான்கிரீட்டும் பாளம் பாளமாக விழுகின்றன. உறங்கும் குழந்தையின் கட்டிலுக்கு மேலே பழுப்புக் கோடு தெரிந்தால் அதன்மேல் வண்ணம் பூசி மறைத்தல் பெருந் தவறு. தட்டிப் பாருங்கள், பொள்ளென ஒலித்தால் கட்டிலை அன்றே நகர்த்திவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.

கீழிருந்து வரும் ஓதம் தரையை ஒட்டிப் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரம் வரை ஏறும். சுவரில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூக்கும். இந்நகரின் பழங்கொத்தர்கள் கருங்கல்லால் அடித்தளம் எழுப்பியதற்கு இதுவும் ஒரு பயன். பிற்காலத்தில் வாசற்பக்கம் மண்ணையும் சிமெண்டுத் தளத்தையும் உயர்த்தி உயர்த்தி, அக்கருங்கல் வரியையே புதைத்துவிடுகிறோம். ஓதம் அதனைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்டுவிடுகிறது. மேலும், சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர் மூச்சு விடும் சுவர். வாங்கிய ஈரத்தைக் கோடையில் திருப்பிக் கொடுத்துவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி, நீர் புகா வண்ணத்தையும் அடித்தால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற இயலாமல் இன்னும் மேலே ஏறும். பழைய வீடு உடையோர் இதனை நினைவிற் கொள்க.

இனி, சுவரின் ஈரம் வெளியிலிருந்து வந்ததா, அறையிலிருந்து வந்ததா என்று எவ்வாறு தெளிவது? செலவற்ற சோதனை ஒன்று உண்டு. ஓரடிச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளை ஈரம் தெரியும் இடத்தில் வைத்து, நான்கு விளிம்பும் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிப்புறம், அறையை நோக்கிய பக்கம், நனைந்திருந்தால் அது நம் வீட்டு ஆவி. சுவரை நோக்கிய உட்புறம் நனைந்திருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருவது. கொத்தனாருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இச்சோதனையைச் செய்துவிடுவது நலம். நீர் புகாப் பூச்சுக்குச் செலவிட்டும் பூஞ்சணம் போகாத வீடுகள் பலவற்றில் உண்மைக் காரணம் சமையலறையிலும் குளியலறையிலுமே இருக்கும்.

இம்மூன்றாவது ஈரம் வேலை செய்யும் இடங்களைப் பாருங்கள். பீரோவின் பின்புறம், மூலைகள், வடக்குச் சுவர், பரண் ஆகிய காற்றோட்டமற்ற குளிர்ந்த இடங்களிலேயே கரும்புள்ளி தோன்றும். பரணில் என்ன வைத்திருக்கிறோம்? கம்பளி, பட்டுப்புடவை, ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியில் வந்த தந்தையாரின் தமிழ் நூல்கள். இங்கே அவற்றை மறுபடி வாங்குதல் எளிதன்று. பெட்டியைத் திறக்கும்போது எழும் அந்த மக்கிய வாடை, நூல் போய்விட்டது என்பதற்கு அறிகுறி.

நூல் போனால் போகட்டும், உயிர்மூச்சு இருக்கிறதே! உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், ஓதமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வாழ்வோர்க்குச் சுவாசக் கோளாறுகளும் தொற்றுகளும் மிகுதியாக நேர்கின்றன என்றும், ஆஸ்துமா கடுமையாகிறது என்றும் தெளிவாகக் கூறியிருக்கிறது. “பெங்களூர்க் காற்று குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று பாட்டிமார் சொல்வதுண்டு. பல வீடுகளில் ஒத்துக்கொள்ளாதது ஊர்க் காற்றன்று, அறைக் காற்றே.

இந்நகரத்தார் இவ்வுண்மையை ஒருமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றனர். 1898ஆம் ஆண்டு பிளேக் நோய் இங்கே புகுந்து நெருக்கமான பேட்டைகளைச் சூறையாடியது. அதன்பின் பசவனகுடி, மல்லேசுவரம் போன்ற புதிய பகுதிகள் வளர்ந்தபோது அகன்ற தெருக்களும், வெளிச்சமும் காற்றும் புகும் மனைகளும் வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. அக்கால வீடுகளில் கூரையை ஒட்டி உயரத்தில் வென்டிலேட்டர்கள் இருந்தன. சூடான ஆவி மேலேறி அவ்வழியே சென்றது. சாளரத்தின்மேல் ‘மங்கி டாப்’ என்னும் மரக்கூம்பு கவிந்திருந்ததால் மழையிலும் சாளரத்தைத் திறந்து வைக்க முடிந்தது. 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியே பரவிய ஓடுகள் மழையைத் தடுத்தன. ஆயினும் இடுக்குகள் வழியே காற்றை விட்டன. இன்று நாம் வாழும் அடுக்ககங்களில் தளம் தாழ்ந்துவிட்டது. வென்டிலேட்டர் கண்ணாடியால் மூடப்பட்டுவிட்டது. நகரும் சாளரமோ பாதிக்குமேல் திறப்பதில்லை.

இங்கே ஓர் அபாயத்தைச் சற்று நின்று கூற விரும்புகிறோம். குளிருக்கு அஞ்சிக் குளியலறையின் வென்டிலேட்டரை அட்டையால் அடைத்துவிட்டு, உள்ளே வாயுவால் எரியும் கீசரை இயக்குவோர் இன்றும் உளர். அடைபட்ட அறையில் வாயு எரியும்போது ஆவி மட்டுமன்று, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்றும் சேர்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், பிறகு நினைவிழப்பு. குளிக்கச் சென்றவர் கதவைத் தட்டியும் திறப்பதில்லை. இந்நகரிலேயே இவ்வாறு உயிர் நீத்தோரைப் பற்றிச் செய்தித்தாள்களில் பலமுறை படித்திருக்கிறோம். வாயு கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் இருத்தல் வேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டுமே உள்ளே வரலாம். மூடிய அறையில் கரியடுப்பு மூட்டிக் குளிர்காய்வதும் இத்தகையதே. நீராவி வெளியேறும் அதே துவாரமே நம் உயிரையும் காக்கும் துவாரம் என்பதை மறவாதிருப்போமாக.

தகடு வேய்ந்த வீடுகளில் வாழும் அன்பர்களுக்கும் ஒரு சொல். மேகமற்ற தை மாத இரவில் கூரைத் தகடு தன் வெப்பத்தை வானத்திற்கு இழந்து, சுற்றியுள்ள காற்றினும் குளிர்ந்துவிடுகிறது. விடியற்காலையில் அதன் அடிப்புறம் சொட்டுச் சொட்டாய் நீர் விழும். தகட்டில் ஓட்டை தேடி அடைப்பதால் பயனில்லை. சுவருக்கும் தகட்டுக்கும் இடையே இருபுறமும் வலை அடித்த இடைவெளி விடுங்கள். தகட்டின் கீழே சற்றே தாழ்த்தி மூங்கில் பாயோ பலகையோ கட்டுங்கள். பழைய கல்நார்த் தகடாயின் அதனை அறுக்கவோ துளைக்கவோ வேண்டா. அதன் தூள் நுரையீரலுக்குப் பகை.

இச்சொட்டுநீரின் பெரிய அண்ணனைக் காண வேண்டுமாயின் கனடாவிற்கும் அமெரிக்காவின் வடமாநிலங்களுக்கும் செல்ல வேண்டும். நம் காலனிப் பிள்ளைகள் பலர் அங்கே வாழ்கின்றனர். பேறுகாலத்திற்குத் துணையாகச் சென்று வந்த தாய்மார்கள் இக்கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அங்கே சரிந்த கூரைக்கும் அறையின் மேற்தளத்திற்கும் இடையே மச்சு ஒன்று உண்டு. அறையை நெருப்பால் சூடாக்குகின்றனர். வெளியே சுழிக்குக் கீழ் பத்து, இருபது பாகைக் குளிர். சூடான ஈரக்காற்று விளக்குத் துளை, மச்சு வாயில் ஆகிய இடுக்குகளின் வழியே மேலேறி, கூரைப் பலகையின் அடியில் பனியாய் உறைகிறது. வெயில் வந்ததும் அது உருகி அறைக்குள் சொட்டுகிறது. மற்றொன்று: கசிந்த சூட்டால் கூரையின்மேல் கிடக்கும் பனி உருகி, வழிந்து, குளிர்ந்த இறவாரத்தில் மீண்டும் உறைந்து அணைபோல் நிற்கும். அவ்வணையின் பின்னே தேங்கும் நீர் கூரைக்குள் புகுந்துவிடும்.

அதற்கு அங்குள்ளோர் கண்ட தீர்வின் வரிசை கருதத் தக்கது. முதலில் அறைக்கும் மச்சுக்கும் இடையிலுள்ள இடுக்குகளை அடைத்தல். இரண்டாவது, மச்சின் தரையில் வெப்பத் தடுப்புப் பஞ்சைத் தடிப்பாகப் பரப்புதல். மூன்றாவது, இறவாரத்திலும் முகட்டிலும் காற்று வழி விட்டு மச்சைக் குளிராகவே வைத்தல். குளியலறை விசிறியின் குழாயை மச்சிற்குள் விடாமல் கூரைக்கு வெளியே கொண்டுபோதல் வேண்டும். பனிக்கட்டியைக் கோடரியால் உடைக்கக் கூரையில் ஏறுதல் கூடாது. ஓடும் உடையும், காலும் உடையும். பிள்ளைகளுக்கு எழுதும்போது இதனையும் இரண்டு வரி எழுதுங்கள்.

அங்கே அறையைச் சூடாக்குவதால் மச்சின் இடுக்கை அடைக்கின்றனர். இங்கே நாம் சூடாக்குவதில்லை, ஆதலால் சாளரத்தைத் திறக்கிறோம். செய்கை வேறு, நியதி ஒன்றே. வீட்டில் பிறந்த ஈரத்திற்கு, அது குளிர்ந்த இடத்தைத் தொடுமுன், வெளியேறும் வழியை நாமே வகுத்தல் வேண்டும். வகுக்காவிடில் அது தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

ஆண்டு முழுதும் செய்யத் தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவோம். மே மாதத்தில், மழைக்கு முன், மொட்டைமாடியைப் பெருக்கி வடிகுழாய்களில் ஒரு வாளி நீர் ஊற்றி ஓட்டம் பாருங்கள். மேல்நிலைத் தொட்டியின் கசிவையும் வெடிப்புகளையும் அடையுங்கள். மழைக்காலத்தில் சமைக்கும்போது பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். எக்ஸாஸ்ட் விசிறியைச் சமையல் முடிந்தபின்னும் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். விசிறி காற்றைத் தள்ள வேண்டுமாயின் புதுக்காற்று உள்ளே வரவும் ஓர் இடுக்கு வேண்டும். வெளியே செல்லும் குழாய் இல்லாத சிம்னி எண்ணெய்ப் பிசுக்கை மட்டுமே வடிகட்டும். ஆவியை நமக்கே திருப்பித் தரும். துணியை அறைக்குள் உலர்த்துவது தவிர்க்க இயலாததாயின், ஓர் அறையில் மட்டும் உலர்த்தி, அதன் கதவைச் சாத்தி, சாளரத்தைத் திறந்து வையுங்கள்.

பீரோவை வெளிச்சுவரிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி வையுங்கள். மழைவிட்ட முதல் வெயிலில் பரணை இறக்கி நூல்களையும் கம்பளியையும் உலர்த்துங்கள். சிறிதளவு பூஞ்சணத்தைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி உலர விடலாம்; மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. பிளீச்சிங் நீரையும் ஆசிடையும் ஒருபோதும் கலத்தலாகாது. நச்சு வாயு எழும். காற்றின் ஈரத்தைக் காட்டும் சிறு கருவி இன்று எளிய விலைக்குக் கிடைக்கிறது. முள் அறுபது விழுக்காட்டிற்குக் கீழே நிற்க முயல்வோம்; எண்பதைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் குடியேறிவிடும். வெளியே மழை கொட்டும்போது முள் இறங்காது. மழை விட்ட இடைவேளையே சாளரம் திறக்கும் வேளை.

இறுதியாக ஒன்று. அடுக்ககத்தில் ஒருவர் வீட்டுத் தரை மற்றொருவர் வீட்டுக் கூரை. மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு கீழ்வீட்டுச் சுவரில் தெரியும்போது சொற்கள் தடிக்கின்றன. பல்லாண்டு நட்பு முறிகிறது. கசிவைச் சொல்ல வருபவரைப் பகைவராய்க் கருதாமல், உள்ளே அழைத்து ஒரு குவளை காப்பி கொடுத்து, இருவரும் சேர்ந்தே அச்சுவரைப் பாருங்கள். செலவைப் பகிர்ந்து கொள்ளுங்கள். வேற்றூரில் வாழும் நமக்கு அண்டை வீட்டாரே உறவினர். மொழி வேறாயினும் சுவர் ஒன்றே. கன்னட அன்பர் வீட்டுச் சுவரும் நம் வீட்டுச் சுவரும் ஒரே மழையில்தான் நனைகின்றன.

இன்றிரவு வீடு திரும்பியதும் செய்யத் தக்க பணி ஒன்றை வேண்டிக்கொண்டு முடிக்கிறோம். குளியலறையின் வென்டிலேட்டரைப் பாருங்கள். அதில் அட்டையோ பழந்துணியோ அடைத்திருந்தால், உறங்கச் செல்லுமுன் அதனை அகற்றிவிடுங்கள்.